தண்டின் அடியைத் தோண்டிப் பார்த்த மூன்று நாட்கள்

முதல் நாள் மலையேற்றத்திலேயே, காளான்களை இனம் காணும் கையேட்டைத் தவறாகத்தான் திறந்தேன். ஊசியிலைக் காட்டுக்குள் நுழைந்ததும் பழுப்புக் குடை ஒன்று கண்ணில் பட்டது. உடனே படப் பக்கங்களைப் புரட்டினேன். பத்து நிமிடத்தில் ஏழு படங்கள் "இதுதான்" என்று தோன்றின. கூட வந்த அண்ணன் பல வருடங்களாகக் காட்டுக் காளான்களைப் பார்த்துவருபவர். புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி மூடினார். "முதல்ல காளானப் படி. புத்தகம் அப்புறம்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு காளானுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். மண்ணில் முளைத்ததா, மரக்கட்டையிலா? சுற்றி என்ன மரங்கள்? குடைக்கு அடியில் செவுள்கள் என்ற மெல்லிய தகடுகளா, சிறு துளைகளா? செவுள் தண்டைத் தொடுகிறதா, தொடாமல் நிற்கிறதா? வெட்டினால் நிறம் மாறுகிறதா? என்ன மணம்? இதையெல்லாம் முளைத்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். பறித்து வந்த காளான் சாயங்காலத்துக்குள் வதங்கி, நிறம் மாறி, வேறொன்றாகிவிடுகிறது. எழுதி முடித்தபின் கையேட்டின் முன்பகுதியில் இருக்கும் இரண்டிரண்டு கேள்விகளாகப் பிரியும் திறவுகோலுக்குப் போக வேண்டும். படத்தைப் பார்ப்பது கடைசியில்தான்.

மலையில் மரத்தைக் குறித்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்கே புரிந்தது. பல காளான்களின் இழைகள் குறிப்பிட்ட மரங்களின் வேரோடு பிணைந்து வாழ்கின்றன. உயரம் ஏற ஏற மரம் மாறும், கூடவே காளானும் மாறும். லார்ச் என்ற ஊசியிலை மரத்தடியில் பளபளவென்று மஞ்சள் குடையோடு, அடியில் துளைகளோடு ஒன்று நின்றது. சுய்லஸ் கிரெவிலி. லார்ச்சோடு மட்டுமே சேர்ந்து வாழ்வது. மரத்தின் பெயர் தெரிந்ததால் திறவுகோலில் பாதிக் கேள்விகள் தானாகவே விழுந்துவிட்டன. பருவமும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும்; கையேட்டில் போட்டிருக்கும் மாதங்களை உயரத்துக்கு ஏற்பத் தள்ளித்தான் படிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை. இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது. பிர்ச் மரங்களுக்கு அடியில் சிவப்புக் குடை ஒன்று, வழவழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல். ருசுலா என்ற காளான் வகை என்று எழுதப் போனேன்.

"தண்ட உடைச்சுப் பாத்தியா?"

ருசுலாவின் சதையில் உருண்டைச் செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். அதனால் தண்டு சாக்பீஸ் மாதிரி பட்டென்று ஒடியும். இது ஒடியவில்லை, நார் நாராகக் கிழிந்தது. மண்ணுக்குள் நின்ற மிச்சத்தைக் கத்தியால் நெம்பி எடுத்தோம். அடி வீங்கியிருந்தது, வீக்கத்தைச் சுற்றி வெள்ளைப் பொருக்குகள் வளையம் வளையமாக. அமானிட்டா மஸ்காரியா என்ற நச்சுக் காளான்! படங்களில் அதன் அடையாளமே வெள்ளைப் புள்ளிகள்தான். ஆனால் அவை குஞ்சுக் காளானை மூடியிருந்த உறையின் துணுக்குகள். மழை கழுவிவிட்டால் வெறும் சிவப்பு மட்டுமே மிஞ்சும். படம் பார்த்து முடிவு செய்திருந்தால் மோசமாகத் தவறியிருப்பேன்.

தண்டின் அடியைப் பற்றி அண்ணன் அன்று நெடுநேரம் பேசினார். பேசவேண்டிய விஷயம்தான். அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற மிகக் கொடிய காளானின் அடியில், மண்ணுக்குள், ஒரு கிண்ணம் இருக்கும். தரைமட்டத்தில் கிள்ளி எடுத்தால் அந்த அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும். வைக்கோல் காளானைத் தெரிந்தவர்கள் ஊர்விட்டு ஊர் போன இடத்தில் இதை அதுவென்று எண்ணிச் சமைத்துச் செத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் கிண்ணம் உண்டு. ஆனால் வைக்கோல் காளானின் செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூள் இளஞ்சிவப்பு, அமானிட்டாவுடையது வெள்ளை. அமானிட்டாவின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டுப் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வந்து, ஒரு நாள் தேறியதுபோல் இருக்கும். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அன்று சாயங்காலம் அழுகிய கட்டையொன்றில் கொத்தாகப் பழுப்புக் குடைகள். தண்டில் மெல்லிய வளையம். தேன் காளானாக இருக்கும் என்று இருவருமே நினைத்தோம். வித்துத்தூள் என்ன நிறம் என்று பார்க்க ஒரு குடையை வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்பு ஒட்டிய தாளில் செவுள் கீழே இருக்கும்படி வைத்து, டம்ளரால் கவிழ்த்து மூடிவிட்டுப் படுத்தோம். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டுக் காளான் ஆய்வாளர் எலியாஸ் ஃப்ரீஸ் செவுள் காளான்களை வித்தின் நிறத்தை வைத்துப் பிரித்தார். அந்த நிறம், எது எதற்கு உறவு என்பதை எப்போதும் காட்டுவதில்லை என்று மரபணு ஆய்வுகள் பிற்பாடு காட்டின. ஆனாலும் காட்டில் இருப்பவனுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது என்பேன்.

விடிந்ததும் டம்ளரைத் தூக்கினேன். வெள்ளைத் தாளில், செவுளுக்குச் செவுள் பிசகாமல், துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய கோடுகள் சக்கரம்போல் விரிந்திருந்தன. தேன் காளானாக இருந்திருந்தால் வெளிறிய தூள் விழுந்திருக்க வேண்டும். கையேட்டில் துரு நிற வித்து, கட்டையில் வளர்வது, வளையம் என்று தேடிப் போனால் கலெரினா என்ற காளான் வகையில் போய் நிற்கிறது. ஃபல்லாய்டிஸில் இருக்கும் அதே நஞ்சு இதிலும் உண்டு. எந்த இனம் என்று துல்லியமாகச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். அதனால் குறிப்பேட்டில் "கலெரினாவாக இருக்கலாம்" என்றுதான் எழுதினேன். அந்த 'லாம்' எழுதத் தெரிய எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் இறக்கத்தில், பாசிக்குள் கோழி முட்டை அளவில் இரண்டு வெள்ளை உருண்டைகள், ஒரு முழத் தூரத்தில். "ரெண்டும் பந்துக் காளான்தானே அண்ணே?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் கத்தியை நீட்டினார்.

முதல் உருண்டையை உச்சியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்தேன். உள்ளே முழுக்க ஒரே வெள்ளை, பன்னீர்க்கட்டி போல. கோடும் இல்லை, வடிவமும் இல்லை. பந்துக் காளான்தான். இரண்டாவதைப் பிளந்தேன். வெள்ளைக்குள் மெல்லிய கோட்டில் வரைந்ததுபோல் ஒரு குட்டித் தண்டு, அதன்மேல் மடங்கிய குட்டிக் குடை, செவுள்கள் வரை தெரிந்தன. இன்னும் உறை கிழிக்காத அமானிட்டா.

நான்கு பாதிகளையும் பாசிமேல் வரிசையாக வைத்து, பக்கத்தில் அளவுகோலும் வைத்துப் படமெடுத்தோம். தூறல் மறுபடி ஆரம்பித்தபோது அண்ணன் பையிலிருந்து கையேட்டை எடுத்து, தானாகவே என் கையில் கொடுத்தார்.