வலது காலுக்கும் ஒரு தேர்வு

ட்ரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் ஏ.டி.சி.எல். என்ற டிப்ளமா பியானோ தேர்வில் கேள்வித்தாள் கிடையாது. 32 நிமிடத்துக்குக் குறையாமல், 38 நிமிடத்தைத் தாண்டாமல் ஒரு தனிக் கச்சேரி வாசிக்க வேண்டும். உருப்படிகளைப் பற்றிய நிகழ்ச்சிக் குறிப்பையும் நாமே எழுதித் தர வேண்டும். "பக்கவாத்தியமே கிடையாதா?" என்று அம்மா கேட்டார். கிடையாது, மேடையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

என் வரிசை இது: பாக்கின் 'வெல் டெம்பர்டு கிளாவியர்' முதல் தொகுதியிலிருந்து (1722) சி மைனர் பிரிலியூடும் (முன்னுரை போன்ற உருப்படி) ஃபியூகும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்திப் பின்னும் உருப்படி), பேத்தோவனின் 'பத்தேத்திக்' சொனாட்டா (1799), ஷோப்பனின் டி ஃபிளாட் மேஜர் நாக்டர்ன் (இரவுப் பாட்டு), கடைசியாக டெபுஸ்ஸியின் 'மூழ்கிய தேவாலயம்' (1910). முதல் இரண்டும் ஒரே சுருதிக் கட்டு, சி மைனர், அலுப்புத் தட்டாதா என்று ஆசிரியர் தயங்கினார். எனக்கு அந்த அடுக்குதான் பிடித்திருந்தது. பாக்கின் ஃபியூக் எதிர்பாராமல் சி மேஜர் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) வெளிச்சமாக முடியும். அது அடங்கியதும் பேத்தோவனின் முதல் சி மைனர் கார்டு கனமாக வந்து விழும். முக்கால் நூற்றாண்டு இடைவெளியை அந்த ஒரு திருப்பத்திலேயே கேட்டுவிடலாம்.

விரல்களைவிட என்னை அதிகம் படுத்தியது, ஒலியை நீட்டும் பெடலை மிதிக்கும் வலது கால். பாக் காலத்து விசைப்பலகை வாத்தியங்களான ஹார்ப்சிகார்டிலும் கிளாவிகார்டிலும் அந்தப் பெடல் இல்லை. ஃபியூகின் மூன்று குரல்களும் பெடல் பட்டால் கலங்கிவிடும் என்பதால் பாதத்தைத் தரையிலேயே வைத்துக்கொண்டேன். பேத்தோவனுக்குத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். ஷோப்பனிடம் இடது கை அகலமாகத் தாவுவதால், விரல் விட்டுச் சென்ற பாஸ் சுரத்தைப் பெடல்தான் தாங்க வேண்டும். ஹார்மனி (சுரக்கூட்டு) மாறும் கணத்தில் பழையதைக் கைவிட்டுப் புதியதைப் பிடிக்க வேண்டும். டெபுஸ்ஸிக்கு இதுவும் போதாது. பாதி அழுத்தி, அதிலும் கொஞ்சம் தளர்த்தி, தண்ணீருக்கடியில் மணி ஒலிப்பதுபோல் ஒலிகளை மிதக்கவிட வேண்டும்.

என் வீட்டு டிஜிட்டல் பியானோவின் பெடல் வெறும் சுவிட்ச். அதில் அரைப் பெடல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்த ஒரு கிராண்ட் பியானோவில் கடைசி இரண்டு உருப்படிகளை மட்டும் பழகினேன். கையில் இருக்கும் காசு சில மணி நேரத்துக்குத்தான் வரும் என்றால், அதைப் பாக்குக்குச் செலவழிக்காதீர்கள். அவரை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம்.

நேரக் கணக்கிலும் டெபுஸ்ஸிதான் வம்பு செய்தார். அவரே வாசித்துப் பதிவான பியானோ ரோல் (வாசிப்பைத் துளைகளாகப் பதிந்த காகிதச் சுருள்) ஒன்று இருக்கிறது. அதில் சில பகுதிகளை அச்சுப் பிரதி காட்டுவதைப்போல் இரு மடங்கு வேகத்தில் வாசிக்கிறார். பிரதியை நம்புவதா, எழுதியவரின் கையை நம்புவதா? கையைத்தான் நம்பினேன். நிகழ்ச்சிக் குறிப்பிலும் காரணத்தை எழுதினேன். தேவாலயம் மேலெழும் இடம் இழுவையாகாமல் நகர்ந்தது, நேரமும் வரம்புக்குள் நின்றது.

வயலின்காரர்கள் சொந்த வாத்தியத்தோடு வருவார்கள். நமக்கு அங்கே நிற்கும் பியானோதான். தேர்வுக்கு முன் தொட்டுப் பார்க்கக் கிடைத்த சில நிமிடங்களில் கடினமான பத்தி எதையும் நான் வாசிக்கவில்லை. ஒரு தாழ்ந்த சி சுரத்தை ஒலிக்கவிட்டு, பெடல் எந்த ஆழத்தில் பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று மட்டும் பார்த்தேன். மிக மேலேயே பிடித்தது. அதற்கேற்பக் குதிகாலின் நிலையை மாற்றிக்கொண்டேன்.

தேறிவிட்டேன். மதிப்பீட்டுத் தாளில் டெபுஸ்ஸிக்குப் பாராட்டு இருந்தது. ஷோப்பனில் இடது கை சற்று ஓங்கியதாம், நியாயமான குறைதான். அடுத்த நிலைத் தேர்வான எல்.டி.சி.எல். எழுதும்போது பேத்தோவன் இடத்தில் ஷூபர்ட்டை வைக்கலாமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.