டெம்ப்ளேட் நிரம்பும்வரை: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 3
மாத அறிக்கைக்கான பொத்தானை அழுத்தினால் ஒன்றரை நிமிடம் திரை அசையாது. "தம்பி, இது ஓடுதா, நின்னுபோச்சா?" என்று கணக்குப் பிரிவு அக்கா இன்று கேட்டார். நின்றுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மூடியிருக்கிறார். இரண்டு முறையும் பாதி வேலை வீண். அறிக்கையின் டெம்ப்ளேட் (எக்ஸெல் மாதிரிக் கோப்பு) அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதை ஓப்பன்பைஎக்ஸெல் (எக்ஸெல் கோப்புகளைப் படித்து எழுதும் பைத்தான் நூலகம்) கொண்டு திறந்து 1,20,000 வரிசைகளை நிரப்புவது என் நிரல். எதுவரை வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும்.

ஜூன் 4
நிரப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே (நிரலில் அந்த வேலையைச் செய்யும் பகுதி) முன்னேற்றப் பட்டையை வரைய மனம் வரவில்லை. இதே ஃபங்ஷன் இரவில் திரையே இல்லாத சர்வரிலும் ஓடுகிறது. அதனால் ஒரு கால்பேக்கை, அதாவது வேலைக்கு நடுவே அழைப்பதற்காக வெளியிலிருந்து தரப்படும் இன்னொரு ஃபங்ஷனை, வாங்கிக்கொள்ளும்படி மாற்றினேன். 'முடிந்தது இவ்வளவு, மொத்தம் இவ்வளவு' என்று இரண்டு எண்கள் அதற்குப் போகும். பட்டை வரைவதா, லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதுவதா என்பது அழைப்பவர் பாடு.

மொத்தத்தை முதலிலேயே எண்ணுவதில் ஒரு லாபமும் உண்டு. ஒரு ஷீட் 10,48,576 வரிசைகளுக்கு மேல் தாங்காது. மீறினால் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம்.

ஆனால் கால்பேக்கை செல்லுக்கு ஒருமுறை அழைத்துவிட்டேன். 14 நெடுவரிசை, ஆக 16,80,000 அழைப்புகள், ஒவ்வொன்றுக்கும் திரை புதுப்பிப்பு. ஒன்றரை நிமிட வேலை நான்கு நிமிடத்தைத் தாண்டியது.

ஜூன் 5
வரிசைக்கு ஒருமுறை மட்டும் பார்த்து, கடைசியாகச் சொல்லி 0.1 நொடி ஆகியிருந்தால்தான் அழைக்கிறேன். நேரம் பார்க்க மோனோடோனிக் கடிகாரம், எப்போதும் முன்னோக்கி மட்டுமே ஓடுவது. கணினியின் நேரத்தை யாராவது பின்னே தள்ளினாலும் இது குழம்பாது. வேகம் திரும்பியது.

ஆனால் பட்டை 1,19,874-இலேயே நின்றது. கடைசி வரிசை முடிந்தபோது 0.1 நொடி ஆகவில்லை, அழைப்பு விழுங்கப்பட்டுவிட்டது. லூப் (வரிசைகளை ஒவ்வொன்றாக நிரப்பும் சுற்று) முடிந்ததும் நிபந்தனையின்றி ஒருமுறை அழைக்கவேண்டும். சின்ன வரி, ஆனால் அது இல்லாவிட்டால் பட்டை பொய் சொல்லும்.

அப்புறம், நிரப்புவது தனி த்ரெட்டில் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை). திரையை முதன்மை த்ரெட் மட்டுமே தொடலாம். கால்பேக் எண்களை ஒரு க்யூவில் (வரிசையாக எடுத்துக்கொள்ளும் பட்டியல்) போடுவதோடு சரி, முதன்மை த்ரெட் அதை எடுத்துப் பட்டையை வரையும்.

ஜூன் 9
இன்றுதான் மனசு உறுத்தியது. பட்டை 100% காட்டுகிறது, கோப்பு வர இன்னும் 40 நொடி. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது ஜிப் செய்யப்பட்ட எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களோடு எழுதப்பட்ட உரை). எல்லா செல்லையும் எக்ஸ்எம்எல்லாக எழுதிச் சுருக்கும் வேலை சேமிக்கும்போதுதான் நடக்கிறது; அதற்குள் எட்டிப்பார்க்க அந்த நூலகத்தில் கால்பேக் கிடையாது. அந்த 40 நொடிக்குப் பட்டையைக் கற்பனையாக நகர்த்தலாம்தான். செய்யமாட்டேன், காத்திருப்பவர் அந்த எண்ணை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கட்டமாகப் பிரித்தேன். முதலில் வரிசைக் கணக்கு, பிறகு சதவீதமே இல்லாமல் 'கோப்பை எழுதுகிறது'.

ஜூன் 10
கால்பேக் 'பொய்' (நிரலில் ஃபால்ஸ், இங்கே 'நிறுத்து' என்று பொருள்) என்று விடை தந்தால் லூப் நிற்கும், கோப்பு சேமிக்கப்படாது. ரத்து பொத்தானுக்கு அது போதும். கால்பேக்கிலேயே பிழை வந்தால் லாகில் எழுதிவிட்டு நிரப்புவதைத் தொடர்கிறேன். பட்டை உடைந்ததற்காக அறிக்கை கெடக்கூடாது.

மாலை அக்கா ஓட்டிப் பார்த்தார். மூடவில்லை. "எந்த ஷீட்டுல இருக்குன்னும் காட்ட முடியுமா தம்பி?" என்றார். நாளை கால்பேக்கில் மூன்றாவதாக ஷீட் பெயரும் போகும்.