மீயொலியைப் படமாக்க: ஒரு மைக், ஒரு பைக்கோ, அணைத்த ஏர்கான்

காதுக்குக் கேட்காத மீயொலியைப் படமாக்க, லெனின்கிராட்டில் சொகோலோவ் என்ற இயற்பியலாளர் 1930களில் கண்ட வழி அழகானது. கத்தோட் கதிர்க் குழாயின் முகப்பில் குவார்ட்ஸ் தகடு. மீயொலி பட்ட இடத்தில் மின்னழுத்தம் பிறக்க, எலெக்ட்ரான் கற்றை அதை வரி வரியாகப் படிக்கும். படம் நுணுக்கமாக வேண்டுமென்றால் தகடு மெலிய வேண்டும். மெலிந்தாலோ உள்ளே வெற்றிடம், வெளியே காற்று, உடைந்துவிடும். வீவக (சிங்கப்பூரின் அடுக்குமாடி) வீட்டு மேசைக்கு அது ஒத்துவராது. ஒரே மைக்கைப் புள்ளி புள்ளியாக நகர்த்துவதுதான் தோது.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் 16 மி.மீ. விட்டமுள்ள 40 கிலோஹெர்ட்ஸ் அனுப்பி-பெறுவி சோடி கேளுங்கள். அனுப்பியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் அலைநீளம் 8.7 மி.மீ.தான்; பெறுவியின் அகல வாய் கிட்டத்தட்ட இரண்டு அலையைக் கலந்து மழுப்பிவிடும். அதற்குப் பதில் மெம்ஸ் மைக், அதாவது சிலிக்கான் சில்லில் செய்த நுண் மைக். டிஜிட்டல் வகை வேண்டாம், பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அனலாக்கில் மீயொலிக்கென்றே வருவதைப் பாருங்கள்.

அனுப்பியை ஓட்டுவதும் மைக்கைப் படிப்பதும் ஒரே பைக்கோ (ராஸ்பெரி பை பைக்கோ என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினி) போர்டாக இருக்கட்டும். வினாடிக்கு 160,000 மாதிரி (அளவீடு), அதாவது ஓர் அலைக்கு நான்கு. முதலாவதில் மூன்றாவதைக் கழித்தால் ஓர் எண், இரண்டாவதில் நான்காவதைக் கழித்தால் இன்னொன்று. 400 அலைக்குச் சராசரி எடுத்தால் வீச்சும் (அலையின் வலிமை) கட்டமும் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) கையில். இரண்டு போர்டு வைத்தால் அவற்றின் கடிகாரப் படிகங்கள் பத்து லட்சத்தில் 25 பங்கு விலகினாலே கட்டம் வினாடிக்கு ஒரு சுற்று சுற்றும். படம் வெறும் இரைச்சல்.

10 செ.மீ. சதுரம், 2 மி.மீ. இடைவெளி: 2,601 புள்ளி. நகர்ந்தபின் ஆட்டம் அடங்கவும் சேர்த்துப் புள்ளிக்கு 0.15 வினாடி, மொத்தம் ஆறரை நிமிடம். வீச்சை டெசிபெல்லில் சாம்பல் நிறமாகவும், கட்டத்தை வண்ணச் சக்கரமாகவும் வரையுங்கள்.

இங்கேதான் ஏர்கான் கெடுக்கிறது. அறை வெப்பம் 31 டிகிரியிலிருந்து 24 ஆனால் ஒலியின் வேகம் மாறி, 30 செ.மீ. தூரத்தில் கட்டம் ஏறத்தாழ 150 டிகிரி நகரும். வெப்பத்தில் அரை டிகிரி ஏற்ற இறக்கமே படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டே எடுக்கலாம். அல்லது நகராத இரண்டாவது மைக்கை அதே தூரத்தில் வைத்து அதன் கட்டத்தைக் கழிக்கலாம்.

4.4 மி.மீ. (அரை அலைநீள) இடைவெளியில் வளையங்கள் வந்தால் மேசையோ மைக்கை நகர்த்தும் மோட்டாரோ எதிரொலிக்கிறது, பஞ்சு போர்த்துங்கள். அனுப்பியின் வாயைத் தடித்த பஞ்சால் அடைத்தும் சிக்னல் குறையாவிட்டால் அது ஒலியே அல்ல, ஒயர் வழிக் கசிவு. அப்போது வரும் இரண்டு எண்களையும் குறித்து ஒவ்வொரு புள்ளியிலும் கழித்துவிடுங்கள்.