முதுகைத் திருப்பி நிற்கும் உதவியாளர்

பாராலிம்பிக் போட்டிகளில் இடம்பெறும் விளையாட்டுகளுள், ஒலிம்பிக்கில் இணை இல்லாதவை இரண்டு. ஒன்று, பார்வையற்றோர் ஆடும் கோல்பால். மற்றொன்று, கை, கால், உடல் மூன்றிலும் கடுமையான இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் ஆடும் போச்சியா. மூளை முடக்குவாதத்துடன் பிறந்த என் தம்பி ஆடுவது போச்சியா; அவனுக்கு உதவியாளராக நிற்பவள் நான். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு என்றதும் ஓட்டம், உயரம் தாண்டுதல், ஈட்டி எறிதல் என்றே நம் நினைவு போகிறது. கையை உயர்த்தவே பிறர் துணை தேவைப்படும் ஒருவரும் விளையாட்டு வீரராக இருக்க முடியும் என்பதைப் பலர் நேரில் பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள்.

ஆடுகளம் 12.5 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட வழவழப்பான தரை. ஒரு தரப்புக்கு ஆறு சிவப்புப் பந்துகள், மறு தரப்புக்கு ஆறு நீலப் பந்துகள். முதலில் ஒரு வெள்ளைப் பந்து களத்திற்குள் அனுப்பப்படும். அதற்கு மிக அருகில் தன் பந்துகளைக் கொண்டுபோய் நிறுத்துபவருக்குப் புள்ளிகள். எதிராளியின் மிக நெருங்கிய பந்தைவிட அருகில் நிற்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி என்பது கணக்கு. வெள்ளைப் பந்திலிருந்து யாருடைய பந்து தொலைவில் இருக்கிறதோ, அவரே அடுத்து ஆட வேண்டும். எதிராளியின் பந்தை இடித்து விலக்கலாம், தன் பந்தைக் குறுக்கே நிறுத்தி வழியை அடைக்கலாம், வெள்ளைப் பந்தையே தட்டித் தன் பந்துகள் கிடக்கும் பக்கம் நகர்த்தலாம். கோலிக்குண்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டுவிடும்.

பந்து ஏறத்தாழ 275 கிராம் எடையும் 27 செ.மீ. சுற்றளவும் உடையது. உள்ளே காற்றுக்குப் பதிலாகச் சிறு மணிகள் நிரப்பப்பட்டிருப்பதால் அது துள்ளாது; அழுத்தினால் உள்ளங்கைக்குள் சற்றே குழையும். எல்லாப் பந்தும் ஒரே பதத்தில் இருக்க வேண்டியதில்லை. மென்மையானது இடித்த இடத்திலேயே படிந்து நிற்கும். கெட்டியானது எதிரில் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகும். எந்தத் தருணத்தில் எந்தப் பந்தை எடுப்பது என்பதிலேயே பாதி ஆட்டம் இருக்கிறது.

குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து, பாராலிம்பிக்கில் வீரர்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். கையாலோ காலாலோ பந்தை எறிய முடியாதவர்கள் மூன்றாம் வகுப்பில், அதாவது பி.சி.3 பிரிவில், ஆடுவார்கள். சக்கர நாற்காலிக்கு முன்னால் நிறுத்தப்படும் ரேம்ப் என்னும் சாய்வுத் தடம் ஒன்றின் வழியாக அவர்களுடைய பந்து கீழே உருண்டு களத்திற்குள் போகும். உயரத்திலிருந்து விட்டால் வேகம் கூடும், தாழ்விலிருந்து விட்டால் குறையும். ஆனால், பந்தை விடும் கணத்தில் வீரரின் உடலோ, அவர் தலையிலோ வாயிலோ கையிலோ பொருத்திய கோலோ பந்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தம்பி நெற்றிப் பட்டையில் பொருத்திய கோலால் பந்தைத் தாங்கி நிற்பான். அவன் கழுத்து அவன் சொல்வதை எப்போதும் கேட்பதில்லை; சில நேரங்களில் உடல் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு அடங்கும்வரை காத்திருந்து, மூச்சை விட்டு, தலையை மெல்லப் பின்னுக்கு எடுப்பான். பந்து கிளம்பிவிடும். குறிபார்க்கும் கருவிகளோ லேசர் ஒளியோ இந்த ரேம்பில் பொருத்தக் கூடாது. கண்ணும் மனக்கணக்கும் மட்டுமே துணை.

இந்த வகுப்புக்கான விதிகளில் என்னை முழுமையாக ஆட்கொண்டது உதவியாளரைப் பற்றிய விதி. ரேம்பைத் திருப்புவதும், பந்தை எடுத்து வைப்பதும், உயரத்தைக் கூட்டிக் குறைப்பதும் உதவியாளரின் வேலை. ஆனால், சுற்று முடியும்வரை அவர் களத்திற்கு முதுகைக் காட்டி வீரரை மட்டுமே பார்த்து நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது; யோசனை சொல்லக் கூடாது; சைகையும் கூடாது. மீறினால் எதிர்த்தரப்புக்குத் தண்டனைப் பந்து, அதாவது கூடுதலாக ஒரு பந்து ஆடும் வாய்ப்பு, கிடைக்கும். அதோடு, ஒரு பந்தை விட்டதும் ரேம்பை இடமும் வலமும் நன்றாக அசைத்துக் கலைத்துவிட்டு, அடுத்த பந்துக்குப் புதிதாகக் குறிவைக்க வேண்டும். பழைய கோட்டிலேயே வைத்துக்கொண்டு மறுபடி உருட்ட முடியாது.

கடுமையான குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கையைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். எப்போது எழுவது, எந்தச் சட்டையை உடுத்துவது, எந்த வாய்க்குப் பிறகு தண்ணீர் தருவது என்று காலை முதல் இரவு வரை எல்லா முடிவும் அன்பின் பெயரால் பிறரிடமே இருக்கிறது. பேச்சு தெளிவில்லாதவர் என்றால், அவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் நாமே வாக்கியத்தை முடித்துவிடுகிறோம். போச்சியா களத்தில் அதற்கு இடமே இல்லை. தம்பி "இ" என்றால் இடப்பக்கம், "வ" என்றால் வலப்பக்கம்; கண்ணை மேலே உயர்த்தினால் பந்தை இன்னும் மேலே வைக்க வேண்டும். ரேம்ப் எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் விதி அடைத்திருக்கிறது. அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, சொன்னதைச் செய்வது மட்டுமே என் பங்கு. பந்து இடித்த ஓசையை வைத்தும், அவன் முகத்தை வைத்தும்தான் நடந்ததை ஊகிக்கிறேன். வென்றாலும் தோற்றாலும் அது அவனுடைய ஆட்டம்.

நாங்கள் பயிற்சி செய்வது ஒரு திருமண மண்டபத்தின் பந்திக்கூடத்தில். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்பதால், மண்டபத்தின் உரிமையாளர் பெரிய மனதுடன் கூடத்தைத் திறந்துவிடுகிறார். மேசைகளை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒட்டுநாடாவால் கோடு போட்டுக்கொள்கிறோம். தரை ஓடுகளின் இணைப்பில் மெதுவான பந்து அகப்பட்டால் அதன் போக்கு மாறிவிடும் என்பதால், தம்பி அங்கே எப்போதும் சற்று வேகமாகவே விடுகிறான். ஒரு நாள் சமையல்காரர் ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, இதனால தம்பிக்குக் கை கால் கொஞ்சம் சரியாகுமா?" என்று கேட்டார். அக்கறையோடு கேட்ட கேள்வி அது. சரியாகாது, அவனுக்குப் பிடித்திருக்கிறது, அதனால் ஆடுகிறான் என்றேன்.

இந்தக் கேள்வி எழுவதற்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. மருத்துவர் லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தியபோது அவர்கள் முதுகுத்தண்டு காயத்திற்குச் சிகிச்சை பெற்றவர்கள். விளையாட்டும் அந்தச் சிகிச்சையின் பகுதியாகவே கருதப்பட்டது. போச்சியா பாராலிம்பிக்கில் சேர்ந்தது 1984இல். இன்றும் ஒரு விளையாட்டு உடலுக்கு என்ன நன்மை செய்கிறது என்று நிறுவினால்தான் அதற்கு இடமும் பணமும் கிடைக்கிறது. மற்ற பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது யாரும் இப்படிக் கணக்குக் கேட்பதில்லை. மகிழ்ச்சிக்காக விளையாடும் உரிமை என் தம்பிக்கும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 29 பதக்கங்கள் வென்றது. தமிழ்நாட்டின் மாரியப்பன் தங்கவேலு, துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய நால்வரும் பதக்கத்தோடு திரும்பினார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையவே இல்லை. எனினும் இந்தியா பங்கேற்ற 12 விளையாட்டுகளில் போச்சியா இல்லை. தென் கொரியாவோ 1988 சியோல் முதல் பாரிஸ் வரை, ஒரு பாராலிம்பிக் விடாமல் போச்சியாவில் தங்கம் வென்றிருக்கிறது. அங்கும் மூளை முடக்குவாதம் அதே மூளை முடக்குவாதம்தான். ஆதரவு கிடைத்தால் இந்த வீரர்கள் எதுவரை போக முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பதக்க வாய்ப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால், மாற்றுத்திறனாளிகளுக்குள்ளேயே மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்கள்தான் முதலில் விடுபட்டுப் போகிறார்கள் என்பது என் வருத்தம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்கைப் பற்றி 29ஆம் பிரிவிலும் விளையாட்டைப் பற்றி 30ஆம் பிரிவிலும் தெளிவாகப் பேசுகிறது. நடைமுறை வேறாக இருக்கிறது. நாங்கள் ஆடப் போன ஓர் உள்ளரங்கத்தின் வாசலில் நல்ல சாய்தளம் இருந்தது. கழிப்பறையின் கதவு வழியே சக்கர நாற்காலி நுழையவில்லை. மாலை வரை ஆட்டம் இருக்கும் என்பதால் தம்பி காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டான். சித்திரை வெயிலில் வறண்ட நாக்கோடு ஒருவர் குறிபார்க்க வேண்டியிருப்பதை விளையாட்டின் கடினம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கதவை அகலமாக வைத்துக் கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

தொடங்குவதற்குப் பெரிய செலவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பன்னாட்டுத் தரத்திலான பந்துகளும் ரேம்பும் விலை அதிகம். நாங்கள் நீளவாக்கில் பாதியாக அறுத்த பி.வி.சி. குழாயை ஒரு மரச்சட்டத்தில் கட்டித்தான் ஆரம்பித்தோம். தெருமுனைத் தையற்காரர் ரெக்சின் துண்டுகளைப் பந்தாகத் தைத்துத் தந்தார். உள்ளே கேழ்வரகு நிரப்பினோம். சிறப்புப் பள்ளிகளிலும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களிலும் இவ்வளவு இருந்தாலே ஓர் ஆட்டம் ஆடலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே உதவியாளர் களத்திற்கு முதுகைக் காட்டி நிற்கும் விதியை மட்டும் தளர்த்த வேண்டாம். பிள்ளைகள் விரைவில் பழகிக்கொள்கிறார்கள். தாய்மார்களுக்கும் ஆசிரியர்களுக்கும்தான் நாட்கள் ஆகின்றன. எங்களிடம் புதிதாக வரும் தாயிடம் நான் கேட்டுக்கொள்வது, மகனோ மகளோ எந்தப் பந்து வேண்டும் என்று சொல்லும்வரை பந்துக்கூடைப் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும் என்பதுதான். சிலருக்கு அந்தப் பதில் வர இரண்டு நிமிடம் ஆகும்; ஆகட்டும்.