சென்னிமலைத் தறிக்குழியும் கம்யூனிஸ்ட் அறிக்கையும்

உலகத்தையே மாற்றிய சிந்தனையாளர்கள் யார் யார் என்று மகள் கேட்டாள். புத்தர், சாக்ரடீஸ், டார்வின், மார்க்ஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மிச்சி நிமிர்ந்தார். "நம்மூருப் பெரியாரை உட்டுப்போட்டியே கண்ணு!"

சரிதான். 1879-இல் ஈரோட்டில் பிறந்தவர், 1925-இல் அதே ஊரில் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். மார்க்ஸும் எங்கெல்ஸும் 1848-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கை, 1931-இல் அதில்தான் தமிழில் வந்தது. நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

அம்மிச்சியின் அய்யன் சென்னிமலையில் தறி நெய்தவர், எழுத்துத் தெரியாது. படித்த பையன் ஒருவனைத் தறிக்குழி ஓரம் உட்காரவைத்து 'குடி அரசு' வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். நடுவில் இழை அறுந்தாலும், அந்தப் பத்தி முடிகிற வரைக்கும் முடிச்சுப் போட மாட்டாராம்.