பார்வை விழுந்தும் கண்ணில் படாதவை

"நல்லா கவனிச்சுப் பாரு" என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்பது அதில் இல்லையே.

2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சிடி ஸ்கேன் படங்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசித் தொகுப்பில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி வைத்திருந்தார்கள். அங்கே தேடிய சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேருக்கு அது தெரியவே இல்லை. கண்ணசைவைப் பதிவு செய்த கருவியைப் பார்த்தால், அந்த இருபதில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை கொரில்லா இருந்த இடத்திலேயே விழுந்திருந்தது. மருத்துவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. 'கட்டி எங்கே?' என்று மனம் கேட்டுக்கொண்டிருந்தது, கொரில்லா அந்தக் கேள்விக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் கண் துல்லியமாகப் பார்க்கும் பரப்பு ஏறக்குறைய அந்த நகத்தளவுதான். கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி மிச்சத்தைப் பொறுக்கிக்கொள்கிறது. எங்கே தாவுவது, தாவிய இடத்தில் எதை எடுத்துக்கொள்வது என்பதில் மனதில் ஓடும் கேள்விக்குப் பெரும்பங்கு உண்டு. அதனால் கவனத்தைக் கூட்ட வேண்டுமென்றால் நெற்றியைச் சுருக்க வேண்டாம், கேள்வியைச் சுருக்கினால் போதும்.

மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். எழுதியவரே தன் பிழையைக் காணத் தவறுவது ஏனென்றால், அவர் பொருளைப் படிக்கிறார், எழுத்தைப் படிப்பதில்லை. விடுபட்ட ஒற்றெழுத்தை மனமே போட்டு நிரப்பிவிடும். எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் பிடிக்கப் பார்த்தால் பாதி நழுவும். ஒரு சுற்றுக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் பெயர்களும் எண்களும் மட்டும். அடுத்ததில் சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் க், ச், த், ப் மட்டும். மூன்றாவதில் ல-ள-ழ, ர-ற, ந-ன-ண. நான்காவது சுற்றில் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயை ஒரு விரலாலும் வினைமுற்றை இன்னொரு விரலாலும் தொட்டு, நடுவில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டையும் மட்டும் சேர்த்துப் படியுங்கள். 'காட்டின் மறுபக்கத்திலிருந்து மழைக்கு முன்பாகக் கூட்டமாகத் திரும்பிய பறவைகள் ஒவ்வொன்றாக மரத்தில் வந்து அமர்ந்தது' என்பதை ஓட்டமாகப் படித்தால் உறுத்தாது. 'பறவைகள் அமர்ந்தது' என்று ஒட்டிப் பார்த்தால் உடனே உறுத்தும். ஆயிரம் சொல் கட்டுரைக்கு ஒரு சுற்று ஏழெட்டு நிமிடம் பிடிக்கும்.

கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படிக்கும் முறையும் உண்டு. பொருள் இழுத்துக்கொண்டு போகாததால் எழுத்துப்பிழை பளிச்சென்று தெரியும். ஆனால் பத்திக்குப் பத்தி காலம் மாறுவது, ஒரே செய்தி இருமுறை வருவது போன்றவை இதில் மாட்டாது. எழுதிய கையோடு மெய்ப்புப் பார்ப்பதும் வீண்தான். ஓர் இரவாவது போகட்டும். அதற்கு நேரமில்லை என்றால் எழுத்துருவையும் வரியின் அகலத்தையும் மாற்றிவிடுங்கள். வரிகள் வேறு இடத்தில் முறியும்போதே பக்கம் கொஞ்சம் அந்நியமாகிவிடும்.

எவ்வளவு நேரம் தொடர்ந்து பார்க்கலாம்? 1948-ல் உளவியலாளர் நார்மன் மெக்வொர்த் வெளியிட்ட சோதனையில், கடிகாரம் போன்ற முகப்பில் ஒரு முள் சீராகத் தாவிக்கொண்டே இருக்கும், எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே பிடிபடும் தாவல்கள் குறைந்துவிட்டன. எண் பட்டியல் சரிபார்ப்பது போன்ற சலிப்பான வேலைக்கு 25 நிமிடம் ஆனதும் எழுந்துவிடுவது சோம்பல் ஆகாது. எழுதுவது, வரைவது போன்ற வேலை வேறு ரகம். அங்கே 25 நிமிடத்தில்தான் சூடு பிடிக்கவே தொடங்கும். அப்போது மணி அடித்து எழுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். எல்லா வேலைக்கும் ஒரே கடிகாரத்தை மாட்டுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

அன்றாட வாழ்க்கையில் அதிகம் படுத்துவது 'கதவைப் பூட்டினோமா?' தான். பூட்டியிருப்போம். ஆனால் கை பழக்கத்தில் செய்ததை மனம் தனியாகப் பதிவு செய்யவில்லை, நேற்றுப் பூட்டியதும் இன்று பூட்டியதும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சிக்னலைக் கையால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இங்கே கைகொடுக்கும். கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள், பூட்டைச் சுட்டி 'செவ்வாய், பூட்டு அசையவில்லை' என்று சத்தமாகச் சொல்லுங்கள். கிழமையைச் சேர்ப்பது இன்றைய பூட்டலை நேற்றையதிலிருந்து பிரிப்பதற்காக. வெறுமனே 'ஓகே' என்றால் இரண்டே வாரத்தில் அதுவும் பழக்கமாகி, வாய் சொல்லும், மனம் வேறெங்கோ இருக்கும்.

வேலையை நடுவில் விடும்போது பழைய வேலையின் எச்சம் மனதில் தங்கிவிடுகிறது. எழுந்திருக்கும் முன் அரை நிமிடத்தில் எழுதும் குறிப்பு அதைக் கொஞ்சம் இறக்கி வைக்கும். 'கட்டுரையை முடிக்கணும்' என்பது குறிப்பல்ல, புலம்பல். 'மூன்றாம் பத்தி, இரண்டாம் வாக்கியத்தில் காரணம் வரவில்லை. அடுத்து ஆண்டைச் சரிபார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்கு' என்பது குறிப்பு. நின்ற இடம், சிக்கல், அடுத்த செயல் மூன்றும் அதில் இருக்கின்றன. செல்போனை வேறு அறையில் வைக்கச் சொல்வதெல்லாம் சரிதான், செய்யுங்கள். ஆனால் கை போனைத் தேடுவது பெரும்பாலும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாத நொடியில்தான். பழியை முழுக்கப் போன் மீது போட முடியாது.

வரைபவர்களிடம் உள்ளதை உள்ளபடி கவனிப்பதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. தாளைப் பார்க்காமல் விளிம்புக் கோட்டை வரைவது. கண் என்றால் மீன் வடிவம், விரல் என்றால் இரண்டு கோடும் ஒரு வளைவும் என்று மனம் தயாராக வைத்திருக்கும் அச்சுகள் குறுக்கே வராமல் இருக்கத்தான் இது. தாள் நகராதபடி நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். எழுதாத கையைச் சற்று மடக்கி எதிரே வையுங்கள். சுண்டுவிரல் நுனியில் பார்வையை நிறுத்தி, பென்சில் முனை அந்த விளிம்பையே தொட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, எறும்பு ஊரும் வேகத்தில் கண்ணும் பென்சிலும் சேர்ந்து நகரட்டும். பத்து நிமிடத்துக்கு அலாரம்.

இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டால் பென்சில் கண்ணை முந்திவிட்டது என்று பொருள். தாளை எட்டிப் பார்க்கத் தோன்றும். அடக்க முடியவில்லை என்றால் ஒரு அட்டையின் நடுவில் துளையிட்டுப் பென்சிலைச் செருகிக் கையை மறைத்துவிடுங்கள். விளிம்பு எங்காவது உள்ளே மடிந்தால், உள்ளங்கை ரேகைக்குள் நுழைவது போல, கோடும் கூடவே உள்ளே போகட்டும். மடிப்பு முடிந்ததும் திரும்பி வரட்டும். படம் கோணல்மாணலாகத்தான் வரும், அதைத் திருத்த உட்காராதீர்கள். அதே கையை, அதே நிலையில், உடனே இன்னொரு தாளில் பார்த்துப் பார்த்து வரையுங்கள். முதலில் விரல் மூட்டுச் சுருக்கங்களைப் பாருங்கள்: எல்லாம் ஒரே நீளத்திலோ ஒரே சாய்விலோ இருக்காது.