பி.லிப். சேரும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு

எங்கள் பக்கம் பி.லிப். என்ற நூலக அறிவியல் இளநிலைப் படிப்பில் சேருகிறவர்கள் தமிழோ வரலாறோ கணக்கோ முடித்துவிட்டு வருகிறவர்கள். ஒரு வருடப் படிப்பு, வேலை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் பாலக்கோட்டிலிருந்து போனேன். அப்புறம் அதன் முதுநிலையான எம்.லிப்., இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தமிழ்ப் புத்தகத்தை எப்படிக் கையாளுவது என்பதைப் பாடத்திட்டத்தை நம்பி விட்டுவிடாதீர்கள்.

வகைப்படுத்தல் செய்முறைத் தேர்வில் எங்களுக்கு வந்த தலைப்புகள் எல்லாம் ஆங்கிலம். வேலைக்கு வந்தால் மேசையில் குவிவது தமிழ் நாவல். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டியூயி முறையில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. எந்த நாவலை எடுத்தாலும் அதே எண்தான். அலமாரி முழுக்க ஒரே எண் நிற்கும்போது பிரித்துக் காட்டுவது ஆசிரியர் பெயரை வைத்துப் போடும் நூல் எண். அதைத் தமிழ்ப் பெயருக்கு எப்படிப் போடுவது என்று வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை.

பெயர் இன்னொரு தலைவலி. அட்டையில் 'கா. முருகேசன்' என்று இருக்கும். கணினிப் பட்டியலுக்கான பதிவு வடிவமான மார்க் 21இல், ஆசிரியர் பெயருக்குரிய 100ஆம் புலத்தில் 'முருகேசன், கா.' என்று போட வேண்டும். அட்டையில் உள்ளபடியே தட்டினால் மனிதர் 'கா' வரிசையில் போய் ஒளிந்துகொள்வார். அடுத்த புத்தகத்துக்கு வேறொருவர் சரியாகப் போட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். புனைபெயரும் இருந்தால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, பழைய பதிவுகள் வானவில், பாமினி எழுத்துருவில் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றாமல் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றினால் கண்டபடி ஆங்கில எழுத்தாகத் தெரியும். எந்தத் தேடலிலும் சிக்காது.

இதையெல்லாம் படிக்கும்போதே பழகலாம். கோஹா இலவசம். நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதி 2000இல் புழக்கத்துக்கு வந்தது. டெபியன் என்ற இலவச இயங்குதளம் போட்ட சாதாரணக் கணினியே போதும். உங்கள் ஊர்ப்புற நூலகத்துக்குப் போய், "சார், லீவுல கொஞ்சம் புத்தகத்துக்குப் பதிவு போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். "எதுக்குப்பா?" என்பார். விடாதீர்கள்.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளைக் கூறுகூறாக உடைத்து எண் போடுவது, 1933இல் வந்தது. எங்களுக்குப் பாடம் 1960இன் ஆறாம் பதிப்பு. வேலையில் அந்தப் புத்தகத்தை நான் தொட்டதில்லை. ஆனாலும் ஒதுக்க வேண்டாம். ஒரு மாணவி வந்து, "ஃபுளோரைடு தண்ணி பத்தி புராஜெக்ட் சார்" என்பாள். குடிநீர், ஃபுளோரைடு, பற்களும் எலும்பும் பாதிப்பது, தர்மபுரி மாவட்டம் என்று கேள்வியை உடைத்தால்தான் எந்த அலமாரிக்கு அனுப்புவது என்று தெரியும். அப்படி உடைக்கும் பழக்கம் கோலனில் வந்தது. அதற்கு ஒரு மாதம் கொடுங்கள், அரை வருடம் வேண்டாம்.

கல்லூரிப் பணித் தகுதிக்கான நெட் தேர்வு தனிக் கதை. முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100 கேள்விகள், மூன்று மணி நேரம். தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் விடாமல் குறியுங்கள். ஆண்டு வரிசைக் கேள்விகளுக்குச் சொந்தக் கையால் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகங்கள் மாற்ற வேண்டியது என்று கேட்டால், செய்முறைத் தாளில் பாதித் தலைப்பாவது தமிழில் இருக்கட்டும் என்பேன். எம்.லிப். ஆய்வேடும் மாற வேண்டும். 'மாணவர்களின் நூலகப் பயன்பாடு' என்று கேள்வித்தாள் கொடுத்து, சதவீதம் போட்டு, பைண்டு செய்து அடுக்கியது போதும். நம் மாவட்டங்களின் நடுகற்கள், கோயில்கள், ஊர் வரலாறு பற்றி உள்ளூர் அச்சகங்களில் அடித்த சிறு நூல்கள் நிறைய உண்டு. பலவற்றில் ஐ.எஸ்.பி.என். கிடையாது, அச்சிட்ட ஆண்டும் இருக்காது. அவற்றைத் தேடி முறையாகப் பட்டியலிடுவதை ஆய்வேடாகத் தரலாமா என்று வழிகாட்டியிடம் தலைப்பு முடிவாகும் முன்பே கேட்டுப் பாருங்கள். முடிவான பிறகு மாற்றச் சம்மதிப்பவர்கள் குறைவு.